தாயக்கட்டையை யார் உருட்டுவது?
தொலைவிலிருந்து ஆடும் போர்ப்பலகை ஆட்டம் பிறந்த கதை

தொலைவில் இருக்கும் நண்பரோடு பலகை ஆட்டம் ஆட உட்கார்ந்தால் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தாயக்கட்டையை யார் உருட்டுவது? ஒரே திண்ணையில் இருந்தால் இந்தக் கேள்வி எழாது. கட்டை விழுவதை இருவர் கண்ணும் பார்க்கும். ஒருவர் கிளிநொச்சியிலும் மற்றவர் ரொறன்ரோவிலும் இருக்கும்போது, "எனக்கு ஆறு விழுந்தது" என்று ஒருவர் சொல்வதை மற்றவர் எதை வைத்து நம்புவது? இருநூறு ஆண்டுகளாக மனிதர் இந்தக் கேள்விக்கு விடை தேடி வந்திருக்கிறார்கள். வரலாற்றுப் போர் ஆட்டம் அரண்மனையில் பிறந்து, தபாலில் ஏறி, இணையத்துக்கு வந்து சேர்ந்த கதை அந்தத் தேடலின் கதைதான்.

நடந்து முடிந்த ஒரு போரை மேசையில் விரித்து, இரு பக்கத்துத் தளபதிகளின் இடத்தில் இருவர் அமர்ந்து ஆடுவதே வரலாற்றுப் போர் ஆட்டம். போர் நடந்த இடத்தின் நிலப்படம் ஆட்டப் பலகையாகிறது. அதன்மேல் அறுகோணக் கட்டங்கள் வரையப்பட்டிருக்கும். படைப்பிரிவு ஒவ்வொன்றுக்கும் அரை அங்குல அட்டை வில்லை ஒன்று. வில்லையில் அச்சிட்ட எண்களில் ஒன்று அதன் தாக்கும் பலத்தைச் சொல்லும், இன்னொன்று அது எத்தனை கட்டம் நகரலாம் என்பதைச் சொல்லும். காடு நடையைக் குறைக்கும், ஆறு தடுக்கும், வீதி விரைவாக்கும். எதிரெதிர்ப் படைகள் முட்டினால் பலங்களின் விகிதத்தைப் பார்த்து, கட்டையை உருட்டி, அட்டவணையில் முடிவைத் தேட வேண்டும். சிறிய ஆட்டம் ஒரு பின்னேரத்தில் முடியும். பெரியது மாதக்கணக்கில் மேசையில் கிடக்கும்.

பேர்லினில் ஒரு நடுவர்

சதுரங்கத்தைப் பெரிதாக்கி உண்மைப் போருக்கு நெருக்கமாகக் கொண்டுவர முயன்றவர்களில் முக்கியமானவர் ஜேர்மனியின் பிரவுன்ஸ்விக் நகரில் வாழ்ந்த ஹெல்விக். 1780இல் அவர் அமைத்த பலகையில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. கட்டங்களின் நிறம் நிலத்தின் தன்மையைக் காட்டியது. ஆனாலும் அது சதுரங்கத்தின் பிள்ளையாகவே இருந்தது. போரில் எப்போதும் இருக்கும் இரண்டு விஷயங்கள் அதில் போதிய அளவு இல்லை. எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரியாமை ஒன்று. நல்ல திட்டமும் தற்செயலாகப் பிழைத்துப்போவது மற்றது.

அந்த இரண்டையும் மேசைக்குக் கொண்டுவந்தவர்கள், பேர்லினைத் தலைநகராகக் கொண்ட பிரஷ்யாவைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் குடும்பத்துத் தந்தையும் மகனும். தந்தை 1812இல் அரசர் மூன்றாம் பிரெடரிக் வில்லியமுக்கு ஒரு மரப் பேழையைச் செய்து கொடுத்தார். மலை, ஆறு, ஊர் என்று வடித்த சாந்து ஓடுகளை விரும்பியபடி அடுக்கி நிலத்தை உருவாக்கும் பேழை அது. பீரங்கிப் படையில் இளநிலை அதிகாரியாக இருந்த மகன் அதை அரச மாளிகையிலிருந்து படை முகாமுக்குக் கொண்டுபோனார். 1824இல் அவர் வெளியிட்ட விதிப்புத்தகத்தோடு இன்றைய போர் ஆட்டம் பிறந்தது எனலாம். 1:8000 அளவில் வரைந்த நிலப்படம், சிவப்பும் நீலமுமான துண்டுகள், இரண்டு நிமிடப் போருக்கு ஒரு சுற்று, சேதத்தைத் தீர்மானிக்கத் தாயக்கட்டை என்று எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. பிரதம படை அதிகாரியாக இருந்த ஜெனரல் முப்ளிங் அதைப் பார்த்துவிட்டு, இது பொழுதுபோக்கல்ல, படைப் பயிற்சி என்று முடிவு செய்து படைப்பிரிவுகளுக்குப் பரிந்துரைத்தார்.

அந்த விதிகளின் உயிர், நடுவர். இரு அணியினரும் தனித்தனியே இருப்பார்கள். எதிரணியின் துண்டுகள் அவர்களுக்குத் தெரியா. தங்கள் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுப்பார்கள். அவர் துண்டுகளை நகர்த்தி, கட்டையை உருட்டி, உண்மைப் போரில் அந்தத் தளபதியின் கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவை மட்டும் அவருக்குச் சொல்வார். ஆகவே தொலைவு என்பது பின்னாளில் இந்த ஆட்டத்துக்கு வந்த இடைஞ்சல் அல்ல. பிறக்கும்போதே அது கூடப் பிறந்தது. எதிராளியைக் காணாமல், தாளில் எழுதிய சொல்லை மட்டும் அனுப்பி ஆடுவதுதான் அதன் முதல் வடிவம். கட்டையை யார் உருட்டுவது என்ற கேள்விக்குப் பேர்லின் தந்த விடை: வெல்வதிலும் தோற்பதிலும் அக்கறை இல்லாத மூன்றாவது ஒருவர்.

அதே 1824ஆம் ஆண்டில் லண்டன் சதுரங்கக் கழகமும் எடின்பரோ சதுரங்கக் கழகமும் தபால் வழியே ஒரு போட்டியைத் தொடங்கின. 1828 வரை நீண்ட அந்தப் போட்டியில் எடின்பரோ வென்றது. 1844இல் வோசிங்டனுக்கும் பால்ரிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்திக் கம்பி வந்த அதே ஆண்டில் அதன் வழியாகவும் சதுரங்கம் ஆடினார்கள். சதுரங்கம் தூரத்தை எளிதில் தாண்டியதற்குக் காரணம் உண்டு. அதில் மறைவு இல்லை, தற்செயலும் இல்லை. எந்தக் காய் எந்தக் கட்டத்துக்குப் போனது என்று நாலு எழுத்தில் எழுதினால் போதும். போர் ஆட்டத்தில் இரண்டும் உண்டு. நூற்றுக்கணக்கான வில்லைகளும் உண்டு. அது தபாலில் ஏற இன்னும் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

திருகோணமலைக்கு வந்த கப்பல்கள்

நடுவர் நேர்மையாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் கடலோடு தொடர்புடைய ஓர் உதாரணம் இருக்கிறது. 1885இல் யப்பானியப் படைக் கல்லூரியில் கற்பிக்கச் சென்ற ஜேர்மன் அதிகாரி மெக்கல், பிரஷ்யாவின் போர் ஆட்டத்தையும் அங்கு கொண்டுபோனார். பிற்காலத்தில் யப்பானியக் கடற்படையும் பெரிய நடவடிக்கைகளை முன்கூட்டியே மேசையில் ஆடிப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தது.

1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும், ஏப்ரல் 9 அன்று திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கிய யப்பானிய அணியில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. அந்த அணி திரும்பிச் சென்ற சில நாட்களில், மே மாதத் தொடக்கத்தில், யமாட்டோ என்ற போர்க்கப்பலில், பசிபிக் தீவான மிட்வே மீதான தாக்குதலுக்கான ஆட்டம் நடந்தது. அமெரிக்க விமானங்கள் யப்பானியக் கப்பல்களைத் தாக்கும் கட்டம் வந்தது. கட்டையை உருட்டிய அதிகாரி ஒன்பது குண்டுகள் பட்டதாகவும், அகாகி, காகா என்ற இரு விமானந்தாங்கிகள் மூழ்கியதாகவும் கணித்தார். தலைமை நடுவராக இருந்தவர் யப்பானியக் கடற்படைத் தளபதி அட்மிரல் யமமோட்டோவின் பிரதம அதிகாரி உகாகி. அவர் ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகி மீண்டது. மூழ்கியதாக விடப்பட்ட காகாவும் அடுத்த ஆட்டத்தில் மீண்டும் மிதந்தது. அங்கிருந்த அதிகாரிகளே போருக்குப் பின் இதை எழுதினார்கள்.

ஜூன் 4 அன்று மிட்வே கடலில் அமெரிக்க விமானங்கள் யப்பானின் நான்கு விமானந்தாங்கிகளைத் தாக்கி அழித்தன. அகாகியும் காகாவும் அவற்றில் அடக்கம். இலங்கைக்கு வந்துபோன ஐந்தில் மூன்று அங்கே கடலின் அடிக்குப் போயின. மேசையில் விழுந்த எண்ணை அழித்து எழுதியதால் கடலில் நடக்கவிருந்தது மாறவில்லை. கட்டையை உருட்டுபவர் அதன் முடிவில் அக்கறை உள்ளவராக இருக்கக்கூடாது என்பதற்கு இதைவிடக் கனமான சாட்சி எனக்குத் தெரியாது.

பால்ரிமோரில் ஓர் இளைஞர்

படைத் தலைமையகங்களில் இருந்த ஆட்டத்தைச் சாதாரண மனிதரின் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தவர் சாள்ஸ் றொபேட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர். படை அதிகாரியாகும் எண்ணத்தோடு போர்க்கலையின் அடிப்படைகளைப் பழகிப் பார்க்கத் தனக்கென்று ஓர் ஆட்டத்தை அமைத்தார். 1954இல் அதை 'ரக்ரிக்ஸ்' என்ற பெயரில் தானே அச்சிட்டுத் தபாலில் விற்றார். 1958இல் பால்ரிமோரில் அவலொன் ஹில் என்ற நிறுவனத்தை உருவாக்கினார். அந்த ஆண்டே அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெற்றிஸ்பேர்க் சமரை ஆட்டமாக்கி வெளியிட்டார். உண்மையாக நடந்த ஒரு சமரை அதன் நிலப்படத்தோடும் படைப் பட்டியலோடும் கடைக்குக் கொண்டுவந்த முதல் பலகை ஆட்டமாக அதைத்தான் சொல்வார்கள். 1961இல் சதுரங்களுக்குப் பதிலாக அறுகோணங்கள் வந்தன. சதுரக் கட்டத்தில் மூலைவழி நகர்ந்தால் தூரம் கூடிவிடும். அறுகோணத்தில் ஆறு திசையும் சமம். அன்றிலிருந்து இன்றுவரை போர் ஆட்டத்தின் அடையாளமே அந்த அறுகோணம்தான்.

ஆட்டங்கள் விற்பனையாகின. ஆனால் எதிரே உட்கார ஆள் இல்லை. தடித்த விதிப்புத்தகத்தைப் படித்து, அரை நாளை ஒதுக்கி, வரலாற்றில் அக்கறையோடு அமரக்கூடியவர் ஊருக்கு ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம். 1964இல் அவலொன் ஹில் 'த ஜெனரல்' என்ற சஞ்சிகையைத் தொடங்கியது. தொலைவூர்களில் இருந்தவர்கள் எதிராளி தேடி விளம்பரம் கொடுக்கும் பக்கம் அதில் இருந்தது. இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்ததற்கு ஆட்டங்களைவிட அந்தப் பக்கமே பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். தனித்தனி ஊர்களில் தனித்தனியாக இருந்தவர்களுக்கு மற்றவர்களின் முகவரி அதில்தான் கிடைத்தது.

பங்குச் சந்தை உருட்டிய கட்டை

முகவரி கிடைத்ததும் பழைய கேள்வி திரும்ப வந்தது. நடுவர் இல்லை. இருவருக்கும் இடையே ஆயிரம் மைல். கட்டையை யார் உருட்டுவது?

அமெரிக்கத் தபால் ஆட்டக்காரர்கள் கண்ட விடை மிக அழகானது. அன்று எந்த நாளிதழைப் பிரித்தாலும் நியூயோர்க் பங்குச் சந்தையின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்தின் பங்கும் அன்று எத்தனை விற்றது என்ற எண் அதில் வரும். தாக்குபவர் தன் நகர்வுகளைத் தாளில் எழுதுவார். ஒவ்வொரு தாக்குதலுக்கும் எதிரே ஒரு நிறுவனத்தின் பெயரைக் குறிப்பார். இன்ன திகதியின் சந்தை நிலவரத்தை எடுத்துக்கொள்வோம் என்றும் எழுதுவார். அந்தத் திகதி, கடிதம் தபாலில் சேர்ந்த நாளுக்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். அந்த நாள் வந்ததும் இருவரும் தத்தம் ஊரில் நாளிதழை வாங்கி, அந்தப் பங்கின் விற்பனை எண்ணின் கடைசி இலக்கத்தைப் பார்த்து, அட்டவணையின்படி அதைக் கட்டையின் எண்ணாக்கிக்கொள்வார்கள்.

இதில் ஏமாற்ற இடமே இல்லை. கடிதம் எழுதும் நேரத்தில் அந்த எண் பிறக்கவில்லை. பிறந்த பின் அது நாடு முழுவதும் அச்சில் கிடக்கிறது. ஸ்ராலின்கிராட்டில் ஒரு படைப்பிரிவு பின்வாங்குமா நிற்குமா என்பதை, அந்த ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத ஆயிரக்கணக்கான பங்கு வணிகர்கள் சேர்ந்து தீர்மானித்தார்கள். பேர்லினில் ஒரு மனிதர் செய்த நடுவர் வேலையை இங்கே ஒரு நாளிதழ் செய்தது. அவலொன் ஹில் இதற்கென்று தபால் ஆட்டப் படிவங்களையே அச்சிட்டு விற்றது. ஓர் ஆட்டம் முடிய ஓராண்டும் அதற்கு மேலும் ஆகும். கடிதத்தில் நகர்வோடு குடும்பச் செய்தியும், படித்த புத்தகமும், வேலைக் கவலையும் சேர்ந்து வரும். நேரில் ஒருமுறையும் காணாத இருவர் இப்படித்தான் நண்பர்களானார்கள்.

வேறொரு விடையும் இருந்தது: கட்டையையே ஒழித்துவிடுவது. அலன் கல்ஹாமர் என்பவர் 1954இல் அமைத்து 1959இல் வெளியிட்ட 'டிப்ளோமசி' என்ற ஆட்டத்தில், முதலாம் உலகப் போருக்கு முந்திய ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகளை ஏழு பேர் ஆடுவார்கள். தாயக்கட்டை கிடையாது. எல்லோரும் கட்டளைகளை இரகசியமாக எழுதிக் கொடுக்க, எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கப்படும். 1963இல் நியூயோர்க்கின் ஜோன் போட்மன் 'கிரவுஸ்ராக்' என்ற கையடக்க இதழைத் தொடங்கி, இதைத் தபாலில் நடத்தினார். கட்டளைகள் அவருக்குப் போகும், முடிவுகள் இதழில் எல்லோருக்கும் வரும். ரைஸ்விட்ஸின் நடுவர் இங்கே இதழாசிரியராக மறுபிறவி எடுத்தார்.

கோப்பாகிய பலகை

மின்னஞ்சல் வந்ததும் தபால்காரரின் வேலை நொடிகளில் முடிந்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில் கட்டையின் முடிவை மின்னஞ்சலில் அனுப்பும் கணினிகள் பங்குச் சந்தையின் இடத்தைப் பிடித்தன. ஆனால் பலகை இன்னும் அவரவர் வீட்டு மேசையில்தான் இருந்தது. ஒரு வில்லை தவறிப்போய்ப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால் இரு வீட்டிலும் இரு வேறு போர் நடக்கும்.

1990களில் பலகையும் கணினிக்குள் போனது. ரொட்னி கினி என்ற அமெரிக்கர், இரண்டாம் உலகப் போரின் சிறு சண்டைகளைப் பற்றிய ஒரு பெரிய ஆட்டத்தைத் தொலைவிலிருந்து ஆடுவதற்காக ஒரு மென்பொருளை எழுதினார். பின்னர் அது எந்தப் பலகை ஆட்டத்துக்கும் பயன்படும்படி விரிவாக்கப்பட்டு 'வசல்' ஆனது. அது இலவசம், திறந்த மூலம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களின் பலகைகளையும் வில்லைகளையும் ஆர்வலர்கள் ஊதியம் இன்றி அதற்குள் அமைத்திருக்கிறார்கள்.

வசல் பழைய கேள்விக்குத் தரும் விடை, பதிவு. நான் என் சுற்றை ஆடும்போது ஒவ்வொரு நகர்வையும் ஒவ்வொரு உருட்டலையும் அது எழுதிக்கொண்டே போகும். அந்தக் கோப்பை நண்பருக்கு அனுப்புவேன். அவர் தன் கணினியில் திறந்து, நான் ஆடியதை ஒவ்வொரு படியாகப் பார்ப்பார். எனக்கு ஒன்று விழுந்ததையும் பார்ப்பார். பின்னர் தன் சுற்றை ஆடித் திருப்பி அனுப்புவார். மறைத்து வைக்க வேண்டிய வில்லைகளும் சீட்டுகளும் அவரவர் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும். கோப்பு மிகச் சிறியது. அலைவரிசை மெலிந்த ஊரிலிருந்தும் அனுப்பலாம். இருவருக்கும் நேரம் ஒத்துவந்தால் ஒரே பலகையில் நேரடியாகவும் ஆடலாம்.

வசலுக்கு விதிகள் தெரியாது. ஆற்றைக் கடக்கக் கூடாத வில்லையை நான் கடத்தினாலும் அது பேசாமல் இருக்கும். நண்பர்தான் சொல்ல வேண்டும். இதை அதன் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் நிறையாகவே கருதுகிறேன். விதிப்புத்தகத்தை இருவரும் திறந்து வைத்து, இந்த வரிக்கு இதுதான் பொருள் என்று பேசித் தீர்க்கும் அந்த உரையாடல்தான் ஆட்டத்தின் பாதி. அதற்கு நேரமில்லாதவர்களுக்கு 'ராலி த ட்ரூப்ஸ்' போன்ற இணையத்தளங்கள் இருக்கின்றன. அங்கே விதிகளைத் தளமே காக்கும். உலாவி இருந்தால் போதும்.

2020இல் கொரோனா வந்தபோது உலகமே வீட்டுக்குள் முடங்கியது. இலங்கையிலும் மார்ச் 20ஆம் திகதி நாடளாவிய ஊரடங்கு தொடங்கியது. பக்கத்து வீட்டு நண்பரும் தொலைவூர் நண்பரானார். அதுவரை சிலரின் பழக்கமாக இருந்த தொலைவாட்டம் அப்போது பலரின் வழக்கமானது.

வன்னியில் இதற்கு என்ன வேலை?

எங்கள் மண்ணில் பலகை ஆட்டம் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த 'பண்டைய இலங்கை' பற்றிய தன் நூலில் வவுனிக்குளத்தின் பழமையை ஆராய்ந்தார். அதே நூலில் இத்தீவின் மக்கள் ஆடிய பலகை ஆட்டங்களையும் படம் வரைந்து பதிவு செய்தார். சில புலிகள் ஒரு பக்கம், எண்ணிக்கையில் மிகுந்த இரைகள் மறுபக்கம் என்று ஆடும் வேட்டை ஆட்டங்கள் அவற்றில் உண்டு. நாங்கள் ஆடுபுலி என்றும் நாயும் புலியும் என்றும் ஆடியவற்றின் உறவுகள் அவை. சமமில்லாத இரு பக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு வெற்றி: மேற்குலகப் போர் ஆட்ட வடிவமைப்பாளர்கள் இன்று பெரிதாகப் பேசும் இந்த எண்ணத்தை எங்கள் பிள்ளைகள் மண்ணில் கோடு கீறியே ஆடினார்கள்.

தொலைவும் எங்களுக்குப் புதிதல்ல. போர் நடந்த தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்க வவுனியாவுக்குப் போய்த் தொலைபேசி நிலையத்தில் காத்திருக்க வேண்டும். அந்தத் தலைமுறையின் வகுப்பறை நண்பர்கள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் மெல்பேணிலும் இருக்கிறார்கள். கைபேசியில் குரல் கேட்பது இன்று எளிது. ஆனால் நலம் விசாரித்து முடிந்த பின் பேச என்ன இருக்கிறது? சேர்ந்து செய்ய ஒரு வேலை இருந்தால்தான் நட்பு நிற்கும். முன்பு அந்த வேலையைச் செய்தது 304 என்ற சீட்டாட்டம். நாலு பேர், முப்பத்திரண்டு சீட்டு, கவிழ்த்து வைத்த துரும்பு. வீரனுக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது என்று எண்ணிக்கொண்டே மழைக்கால இரவு முழுவதும் போகும். இன்று புலம்பெயர்ந்தவர்கள் 304ஐ இணையத்திலும் ஆடுகிறார்கள். வரலாற்றில் ஆர்வமுள்ள நண்பர்களுக்கு அதே வேலையைப் போர்ப்பலகை செய்யும். நாளுக்கு ஒரு நகர்வு போதும். கிளிநொச்சிக்கும் ரொறன்ரோவுக்கும் இடையே ஒன்பதரை, பத்தரை மணி நேர வித்தியாசம். இவர் எழும்பும்போது அவருடைய கோப்பு வந்திருக்கும்.

ஆனால் போரை உடலால் அறிந்த ஒரு மண்ணில் போரை விளையாடுவதா? இந்தக் கேள்வியை வன்னியில் யாரும் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பெரும்பாலான போர் ஆட்டங்களின் நிலப்படத்தில் ஊர் உண்டு, ஊரவர் இல்லை. வீதி உண்டு, அதில் மூட்டை முடிச்சோடு நடப்பவர்கள் இல்லை. 2009இல் போரின் முடிவில் எங்கள் மக்கள் பட்டதை எந்த வில்லையும் சுமக்காது. அந்த நாட்களை ஆட்டமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. உயிரோடு இருப்பவர்களின் புண்ணில் யாரும் கட்டை உருட்டக்கூடாது.

அதே சமயம், இந்த ஆட்டங்கள் கற்பிக்கும் இரண்டு பாடங்கள் எங்களுக்கு மிகவும் தேவை. ஒன்று, எதிர்ப்பக்கத்தின் நாற்காலி. ஒரே சமரை இரண்டு முறை, பக்கம் மாற்றி ஆடும்போது, எதிரிக்கு என்ன தெரியும், எது தெரியாது, எதற்கு அவன் அஞ்சினான் என்பது விளங்கும். வரலாற்றை ஒரே பக்கத்திலிருந்து கேட்டு வளர்ந்த எவருக்கும் இது பெரிய கல்வி. மற்றது, காரணங்களின் எடை. வீரத்தால் மட்டும் எந்தப் போரும் தீர்வதில்லை. உணவு வரும் வழி, மழை, காய்ச்சல், செய்தி வந்து சேரும் நாள் என்று எல்லாம் கூடித்தான் தீர்க்கின்றன. ஊரவரைப் படத்துக்குள் கொண்டுவரும் முயற்சிகளும் தொடங்கிவிட்டன. 2019இல் வெளிவந்த 'காந்தி' என்ற ஆட்டத்தில் பிரிட்டிஷ் ஆட்சி, காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர் என்று நான்கு தரப்புகள் உள்ளன. அவற்றில் இரண்டு ஆயுதம் ஏந்தாமலே வெல்ல வேண்டியவை. மக்களின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே அங்கே முக்கிய கணக்கு.

1803

எங்களிடம் ஆட்டமாக்கத் தகுந்த ஒரு வரலாறு இருக்கிறது. அது நடந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1803 ஜூன் மாதத்தில் கண்டியில் நிறுத்தப்பட்டிருந்த ஆங்கிலப் படை அழிக்கப்பட்டது. தீவெங்கும் ஆங்கிலேயரின் பிடி ஆடியது. ஓகஸ்ட் 25 அன்று வன்னியின் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலப் படையைத் தாக்கி அந்த இடத்தைக் கைப்பற்றினான். அதன் தளபதி வொன் டிறிபேர்க் படகேறித் தப்பினார். வன்னியனின் ஆட்கள் ஆனையிறவு வரை போனார்கள். பின்னர் யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்திலிருந்தும் ஆங்கிலப் படைகள் வன்னிக்குள் இறங்கின. ஒக்ரோபர் 31 அன்று டிறிபேர்க்கின் படை கற்சிலைமடுவில் வன்னியனைத் தோற்கடித்தது. அந்தத் தோல்வியை அங்கே ஆங்கிலேயர் நட்ட நடுகல் அறிவித்தது.

ஆட்டக்காரரின் கண்ணோடு இதைப் பாருங்கள். இரண்டு திகதிகளுக்கும் இடையே அறுபத்தேழு நாட்கள். ஒரு சுற்றுக்கு ஒரு வாரம் என்றால் பத்துச் சுற்று. ஒரு பின்னேரத்துக்கு அளவான ஆட்டம். ஆங்கிலப் பக்கத்தில் மூன்று படைகள். ஒன்றின் செய்தி மற்றதுக்கு எட்டாது. காட்டில் எங்கே வன்னியன் என்று மூன்றுக்கும் தெரியாது. வன்னியன் பக்கத்தில் ஆள் குறைவு, ஆயுதம் குறைவு. ஆனால் காடும் குளக்கரைப் பாதைகளும் அவனுக்குத் தெரியும். ஒக்ரோபர் கடைசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் பாதைகள் சேறாகும், ஆறுகள் பெருகும். மழைவரை தாக்குப்பிடித்தால் வன்னியனுக்கு வாய்ப்பு. அதற்குள் மூன்று படைகளும் ஒன்றையொன்று நெருங்கினால் ஆங்கிலேயருக்கு வாய்ப்பு. எந்தக் கிராமம் யாருக்கு நெல் கொடுக்கும், யாருக்குச் செய்தி சொல்லும் என்பதை விதியில் சேர்த்தால், ஊரவர் இல்லாத படமாகவும் அது இராது. எதிராளியைக் காணாமல் ஆடவென்றே பொருந்திய சமர் இது. ரைஸ்விட்ஸின் நடுவரோ வசலின் கடவுச்சொல்லோ போதும்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஆங்கில அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு இருக்கிறது. பழைய நிலப்படங்கள் இருக்கின்றன. அட்டையும் வர்ணப் பென்சிலும் எந்தப் பாடசாலையிலும் உண்டு. வரலாற்று ஆசிரியர் ஒருவரும் ஆர்வமுள்ள மாணவர் நாலு பேரும் சேர்ந்தால் ஒரு தவணைக்குள் முதல் வடிவம் தயாராகும். கணினி தெரிந்த பிள்ளை அதை வசலுக்குள் கொண்டுபோகலாம்.

முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதைத்தான். அந்த நிலப்படத்தை வரையத் தொடங்குங்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவரை அழைத்து ஆங்கிலேயர் பக்கத்தில் அமர்த்துங்கள். நீங்கள் வன்னியன் பக்கத்தில் அமருங்கள். அடுத்த ஆட்டத்தில் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.